கப்பலில் வரைந்த வாட்டர்கலர் நோட்டு: சுவரில் மாட்டுவதற்காகத் திருத்தி வரையலாமா?

தேவகோட்டை_ஈடிஓ:
வணக்கம். சரக்குக் கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசராக இருக்கிறேன், ஊர் தேவகோட்டைப் பக்கம். போன கான்ட்ராக்டில் சிங்கப்பூர், ராட்டர்டாம் ஓட்டம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் சூயஸ் பக்கமே போவதில்லை, ஆப்பிரிக்காவை முழுக்கச் சுற்றித்தான் போகிறோம். சூயஸ் வழியாகச் சுமார் 8,300 கடல் மைல் வரும் தூரம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் சுமார் 11,800 ஆகிவிடும். அவ்வளவு தூரமும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அதனால் டூட்டி முடிந்ததும் பின்பக்க டெக்கில் உட்கார்ந்து ஒரு ஏ5 நோட்டில் வாட்டர்கலர் போட்டுக்கொண்டே வந்தேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, பள்ளிக்கூடத்தில் வரைந்ததோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மாமா கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதியாக நடத்துகிறார். நோட்டைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இதை வளவு சுத்தி மாட்டிருவோம், பர்மாத் தேக்கு இருக்கு, இத்தாலிப் பளிங்கு இருக்கு, இதெல்லாம் வந்த கடல் மட்டும் இந்த வீட்ல எங்கயும் இல்ல" என்றார். வளவு என்பது எங்கள் பக்கத்து வீடுகளின் நடு முற்றம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டில் இருப்பது சின்னதாக, கறையும் கோணலும் பென்சில் கிறுக்கலுமாக இருக்கிறதாம், போனில் எடுத்த போட்டோக்களை வைத்துப் பெரிய தாளில் சுத்தமாக மறுபடி வரைந்து கொடு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏன் ஒப்பவில்லை என்று அவரிடம் சொல்லவும் தெரியவில்லை. சில பக்கங்களை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். தயவுசெய்து யாரும் "திரைகடல் ஓடியும்" என்று ஆரம்பிக்க வேண்டாம், மாமா அதை ஏற்கெனவே போர்டாக எழுதி வாசலில் வைத்துவிட்டார்.

ஆத்தங்குடி_டிராயிங்_டீச்சர்:
தம்பி, மாமா சொல்வதில் தப்பே இல்லை. காசு கொடுத்துத் தங்க வருகிறவர்கள் பார்க்கிற சுவர் அது, உங்கள் டைரி இல்லை. உள்ளதைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அடிவானம் பாதிப் படங்களில் சாய்ந்து கிடக்கிறது. கடல் எல்லாப் பக்கத்திலும் டியூபிலிருந்து பிதுக்கிய அல்ட்ராமரின் நீலம் ஒன்றேதான். கடலுக்கு ஒரு நீலம் கிடையாது. கப்பல் விளிம்பில் நின்று நேர்கீழே பார்த்தால் தண்ணீரின் சொந்த நிறம் தெரியும், தூரத்தைப் பார்க்கப் பார்க்கக் கண் போகும் கோணம் படுத்துவிடுவதால் அங்கே தெரிவது பெரும்பாலும் வானம்தான். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாததால்தான் உங்கள் கடல் சுவரில் அடித்த டிஸ்டெம்பர் மாதிரி தட்டையாக இருக்கிறது.

என் மாணவர்களுக்கு இந்த இடத்தில் சி.வி. ராமனைச் சொல்வேன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே என்ற ஆங்கில இயற்பியலாளர் சொன்னதைத்தான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது ராமன் பையில் வைத்திருந்த நிக்கோல் பட்டகத்தை வைத்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிற ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற எண்ணம் அவருக்கு அந்தக் கப்பலில்தான் உறுதிப்பட்டது, தண்ணீர் சிவப்பை விழுங்கிக்கொள்வதும் அந்த நீலத்துக்குக் காரணம் என்பது இன்று தெரிந்த கணக்கு. அவருக்குப் பட்டகம், உங்களுக்குத் தூரிகை, வேலை ஒன்றுதான், பார்ப்பது. பெரிய தாளில் நிதானமாக மறுபடி வரையுங்கள்.

சும்மா_சிவகங்கை:
நாலு கே வீடியோ எடுக்கிற காலத்தில் பெயிண்ட் எதற்கு? போட்டோவையே பிரிண்ட் போட்டு மாட்டுங்கள், வேலை முடிந்தது.

பழைய_போசன்:
காரைக்குடியில் செட்டிலான பழைய கப்பல்காரன் நான், போசனாக, அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவனாக, இருந்து ரிட்டையர் ஆனவன். டீச்சரம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், அடிவானம் சாய்ந்திருந்தால் கப்பல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மடியில் நோட்டை வைத்து வரைகிறவனுக்கு மடி, நோட்டு, நாற்காலி எல்லாம் கப்பலோடு சேர்ந்து சாயும், அடிவானம் மட்டும் சாயாது. நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வானத்துப் பெயிண்ட் வலது ஓரமாக ஓடித் தேங்கி, கறுப்பு விளிம்பாகக் காய்ந்திருக்கிறது. இடது ஓரத்திலும் அதே மாதிரி ஒரு விளிம்பு, அதைவிட லேசாக. கப்பல் இரண்டு பக்கமும் உருண்டிருக்கிறது, ஒரு பக்கம் கூடுதலாக. பக்கவாட்டில் ஸ்வெல், அதாவது தூரத்திலிருந்து உருண்டு வரும் நீள அலை, வந்த நாள் அது. தம்பி, இது ஆப்பிரிக்காவின் தென்முனையில் அகுல்லாஸ் பக்கம்தானே? அங்கே நீரோட்டம் தென்மேற்காக ஓடும், ஸ்வெல் தென்மேற்கிலிருந்து எதிரே ஏறி வரும், இரண்டும் முட்டினால் அலை செங்குத்தாக எழும்பிவிடும், பெரிய கப்பலையே ஆட்டி எடுத்துவிடும்.

லாக் புக்கில் அன்றைக்கு "ஃபோர்ஸ் 6" என்றோ "7" என்றோ ஒரு எண் இருக்கும். காற்றின் வலுவைச் சொல்லும் அந்தப் பியூஃபோர்ட் கணக்கே 1805இல் ஒரு கடற்படைக்காரர் போட்டது, இன்றைக்கும் கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நிற்கிறவன் கடலைக் கண்ணால் பார்த்துத்தான் அந்த எண்ணைச் சரிபார்க்கிறான், நுரை அங்கங்கே தெரிந்தால் ஒரு எண், எங்கும் வெள்ளையாகப் பரவினால் ஒரு எண். லாக் புக்கில் எண்தான் இருக்கும், இந்தப் பக்கத்தில் அந்த ஆட்டமே காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வீட்டு மேஜையில் வைத்துச் சரிசெய்தால் மிச்சம் என்ன இருக்கும்?

தேவகோட்டை_ஈடிஓ:
போசன் அண்ணே, அகுல்லாஸேதான். பென்சிலில் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், ஸ்கேனில் வெட்டுப்பட்டுவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கப்பல் நேரம், செகண்ட் ஆபீசரிடம் கேட்டு வாங்கிய அட்சரேகை தீர்க்கரேகை, காற்று எந்தப் பக்கம், இவ்வளவும் இருக்கும். ஆரம்பத்தில் பொழுது போகாமல் எழுதியதுதான், அப்புறம் படத்தைவிட அதை எழுதத்தான் ஆசையாக இருந்தது.

சிவகங்கை நண்பருக்கு. போட்டோவும் எடுத்தேன், நிறைய எடுத்தேன். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாண்டிக் கேனரித் தீவுகளை நெருங்கும்போது சகாராவின் புழுதி கடல்மேல் வந்துவிட்டது, வானம் காவியும் மஞ்சளுமாக ஒரு நிறம், சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது, டெக்கில் ரெயிலைத் தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது. போனில் எடுத்ததைப் பார்த்தால் சாதாரண மேகமூட்டம். போன் தானாகவே வெள்ளையைச் சரிசெய்து மஞ்சளைத் துடைத்துவிட்டது. நான் போட்ட படத்தில் மஞ்சள் காவியும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவும்தான், கைவேலை மட்டம், ஆனால் நிறம் அதுதான். அந்தப் பக்கத்தில் காயாத பெயிண்டின்மேல் புழுதியே விழுந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். போட்டோவைப் பார்த்து மறுபடி வரைந்தால் சாம்பல் வானம்தான் வரும்.

டீச்சர் சொன்ன ஒரே நீலம் விஷயம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. பெப்பர்மிண்ட் டப்பாவில் எட்டு நிறம் பிதுக்கிக் காயவைத்துக்கொண்டு போனேன், அதில் நீலம் அல்ட்ராமரினும் கொஞ்சம் பிரஷ்யனும்தான். பூமத்திய ரேகைப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், போட்ட வாஷ் (தண்ணீரில் கரைத்துப் பூசிய மெல்லிய நிறம்) காயவே காயாது, இரண்டாவது நிறம் வைத்தால் கலங்கிவிடும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு கேபினுக்குள் போனால் ஏசியில் சட்டென்று காய்ந்து விளிம்பு கட்டிவிடும். மூன்றாவது படத்தில் வெள்ளைப் பொடிப் புள்ளிகள் தெரிகிறதே, அவை சாரல் பட்டு உப்பு நிறத்தை இழுத்துக்கொண்ட இடங்கள். கறுப்புப் புள்ளிகள் புகைபோக்கியின் கரித்தூள். மாமா இவற்றைத்தான் கறை என்கிறார்.

கோட்டையூர்_காகிதம்:
நல்ல இழை. எங்கள் ஊர் ரோஜா முத்தையா அவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்ததால் பழைய தாள் என்றால் நான் வாயைத் திறந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் உட்கார்ந்து மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்த மனிதர், அந்தச் சேகரிப்பில் இருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. சேர்க்கும்போது இது அழகா என்று அவர் பார்க்கவில்லை.

கப்பலில் வாட்டர்கலர் என்பது புதிதல்ல. ஆங்கிலேயக் கடற்படையில் ஆபீசர்களுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்ததே ஒரு தொழில் தேவைக்காக, கரை எப்படித் தெரிகிறது, எந்த மலைக்கு நேராகத் திரும்ப வேண்டும் என்று அடுத்த கப்பலுக்குக் காட்டுவதற்கு. அந்தப் பழக்கத்தில் பலர் சும்மாவும் வரைந்தார்கள். கேப்ரியல் பிரே என்ற லெப்டினன்ட், பல்லாஸ் என்ற போர்க்கப்பலில் 1774, 75இல் மேற்கு ஆப்பிரிக்கா போனவர், தூங்கும் தொட்டில் துணியைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மேலே வரும் ஒரு மாலுமியை வரைந்து, கீழே கப்பல் பெயரும் "ஜனவரி 75" என்றும் எழுதிவைத்தார். பெரிய ஓவியர் எவரும் அந்தக் காலத்தில் அதை ஒரு விஷயமாக மதித்திருக்க மாட்டார். இன்று அது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே இடத்தில் பிரான்சிஸ் மெய்னல் என்ற லெப்டினன்ட் 1845இல் வரைந்த படமும் இருக்கிறது, அவருடைய கப்பல் பிடித்த அடிமைக் கப்பலின் கீழ்த்தளம், சரக்குப் பீப்பாய்களுக்கு மேலேயே மனிதர்கள் உட்கார்ந்தும் படுத்தும் கிடக்கிறார்கள். அவசரத்தில் போட்ட படம்தான். அதை யாராவது லண்டனில் ஸ்டுடியோவில் வைத்துத் திருத்தியிருந்தால் இன்று ஒருவரும் அதைச் சாட்சியாகக் காட்ட மாட்டார்கள்.

ஆத்தங்குடி_டிராயிங்_டீச்சர்:
சாட்சி வேறு, சுவர் வேறு. எல்லோரும் சேர்ந்து என்னை வில்லியாக்க வேண்டாம். அண்டார்டிகாவுக்குத் தென்துருவப் பயணி ஸ்காட்டோடு போய் 1912இல் அங்கேயே இறந்த டாக்டர் எட்வர்ட் வில்சனைப் பாருங்கள். அந்தக் குளிரில் தூரிகைத் தண்ணீர் உறைந்துவிடும், வெளியே வாட்டர்கலர் போடவே முடியாது. அதனால் பென்சிலில் கோடு போட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்று எழுத்தில் குறித்துக்கொண்டு, குடிலுக்குத் திரும்பியபின் விளக்கொளியில் நிறம் போடுவார். அவர் படங்கள் பொய்யா? திரும்ப வரைவது ஒன்றும் பாவம் இல்லை.

கோட்டையூர்_காகிதம்:
டீச்சர், வில்சன் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் அங்கேயே எழுதிய நிறக் குறிப்பிலிருந்து வரைந்தார். போன் சரிசெய்துவிட்ட சாம்பல் வானத்திலிருந்து வரையவில்லை. அந்தப் பென்சில் தாள்களையும் தூக்கிப் போட்டுவிடவில்லை. தம்பி தன் குறிப்புகளை வைத்துப் பெரிதாக வரைந்தால் எனக்கு ஆட்சேபணை கிடையாது. மாமா கேட்பது அது இல்லையே.

பள்ளத்தூர்_பேத்தி:
நான் இங்கே படிக்க மட்டும் வருகிறவள், முதன்முதலாக எழுதுகிறேன். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டியில் ஐயாவின், அதாவது தாத்தாவின், நோட்டு ஒன்று கிடைத்தது. பினாங்கில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக, இருந்தவர், போகவர எஸ்.எஸ். ரஜூலா கப்பல்தான். பாதி நோட்டு கணக்கு, சட்டி பானை ஊறுகாய் ஜாடி என்று கொண்டுபோன சாமான் சிட்டை, நடுநடுவே சின்னச் சின்ன வாட்டர்கலர் படம். எங்கள் வீட்டில் கல்யாணச் சாமானில் ஒரு தேங்காய் விடாமல் எழுதிவைத்த சிட்டைகள் நூறு வருஷத்துக்கு இருக்கின்றன, கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று யாரும் எழுதியதில்லை, ஐயா மட்டும் எழுதியிருக்கிறார்.

இதை நான் காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் காட்டினேன். போஸ்ட்கார்டு பார்த்துக் காப்பி அடித்தது, விலை போகாது, பெட்டியை மட்டும் கொடுங்கள் என்றார்கள். முதல் படம் கப்பல் முழுசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது, அதை வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். கப்பலில் இருக்கிறவர் எப்படிக் கப்பலை வெளியிலிருந்து வரைவார் என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த இழையைப் படித்ததும் இங்கே கேட்கலாம் என்று தோன்றியது. நாலு பக்கம் இணைத்திருக்கிறேன்.

முனீஸ்வரன்கோயில்_தெரு:
நானும் காரைக்குடிப் பழம்பொருள் கடைத் தெருவில் கடை வைத்திருப்பவன்தான், அந்தக் கடை நான் இல்லை. ஆனால் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பல் கம்பெனிகள் போஸ்ட்கார்டு நிறைய அச்சடித்துக் கொடுத்தார்கள், அதைப் பார்த்து வரைந்த படங்கள் என் கடைக்கே எத்தனையோ வந்திருக்கின்றன. வெளியிலிருந்து பக்கவாட்டில் முழுக் கப்பல், மேலே புகை, கீழே அலை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு காப்பிதான். ஆச்சி வருத்தப்பட வேண்டாம், பெட்டி நல்ல பெட்டி.

பழைய_போசன்:
அவசரப்படாதீர்கள் கடைக்கார அண்ணே. நாகப்பட்டினத்தில் அந்தக் காலத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழம் போதாது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் கப்பலில் ஏற்றுவார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிய ஒவ்வொருவரும் தன் கப்பலை வெளியிலிருந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். அந்தப் படத்தைப் பாருங்கள், கப்பலின் முன்பக்கம் பெரிதாக உயர்ந்து நிற்கிறது, பின்பக்கம் சிறுத்துப் போகிறது, மேல்தளம் தெரியவே இல்லை. போஸ்ட்கார்டுக்கு யாரும் இப்படிக் கோணம் வைக்க மாட்டார்கள். கிட்டத்தில் ஒரு படகின் விளிம்பும் மூட்டையும் இருக்கிறது, அது என்ன போஸ்ட்கார்டில் வருமா?

அப்புறம் கறுப்பு உடம்பில் ஒரு வெள்ளைக் கோடு, கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் அடையாளம், சரியாக இருக்கிறது.

மூன்றாவது பக்கம்தான் எனக்கு முக்கியம். ஆச்சி, அதில் ஐயா என்ன எழுதியிருக்கிறார்? ஸ்கேனில் "காலை, இடப்பக்கம் மலை" என்று மட்டும் படிக்க முடிகிறது.

பள்ளத்தூர்_பேத்தி:
"காலை. இடப்பக்கம் மலை. முன்னால் சூரியன். காற்று இல்லை." இவ்வளவுதான் அண்ணே. அடுத்த பக்கத்தில் "போர்ட் ஸ்வெட்டன்ஹாம்" என்று இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு பச்சைத் தீவு, பெயர் எழுதவில்லை, "இங்கே இறக்கிவிட்டார்கள்" என்று மட்டும்.

பழைய_போசன்:
அப்படியென்றால் கதை முடிந்தது. சூரியன் முன்னால் என்றால் கப்பல் கிழக்கே போகிறது. இடது பக்கம் வடக்கு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கோடு போட்டால் பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே, சுமத்ராவுக்கு வடக்கே உள்ள கால்வாய் வழியாகத்தான் போகும். வடக்கே தெரிந்த மலை நிக்கோபார். அந்த மலைக்குப் போஸ்ட்கார்டு எவன் அடிப்பான், அங்கே யார் போய் வாங்குவார்கள்? பச்சைத் தீவு பெரும்பாலும் பினாங்குக்குப் பக்கத்து புலாவ் ஜெரஜாக், நம் டெக் பயணிகளை இறக்கிக் குவாரண்டைனில் வைத்த இடம். இன்னொன்றும் பாருங்கள், மலைப் படத்தில் ரெயில் கம்பி குறுக்கே போகிறது, அடிவானம் கம்பிக்கு மேலே, அவர் கண் உயரத்தில் இருக்கிறது. டெக்கில் நின்றவன் கண் அது.

முனீஸ்வரன்கோயில்_தெரு:
சரி, ஒப்புக்கொள்கிறேன், படகு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வருஷம் கண்டுபிடிக்க முடியுமா? வருஷம் தெரிந்தால் மதிப்பே வேறு.

கோட்டையூர்_காகிதம்:
விலைக்கு இல்லை என்றுதான் ஆச்சி எழுத்திலிருந்து தெரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது, எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயர் 1972இல் போர்ட் கிளாங் ஆகிவிட்டது. ஐயா கடையில் அடுத்தாளாக இருந்தார் என்றால் 1941 கடைசியில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலா, சண்டை முடிந்த பிறகா என்பதைக் கணக்குப் பக்கங்களின் நாணயத்தையும் விலைவாசியையும் வைத்துப் பிடிக்கலாம். நிறத்தை ஆய்வகத்தில் சோதித்தால் தாலோ என்ற செயற்கை நீலம் இருக்கிறதா என்று தெரியும், அது 1935க்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. கண்ணால் பார்த்து யாராவது "இது தாலோ" என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் இந்த நோட்டில் என்னை உலுக்கியது நாலாவது பக்கம். ஐயா பென்சிலில் "அந்தி, வானம் குங்குமச் சிவப்பு" என்று எழுதியிருக்கிறார். வானத்தைப் பாருங்கள், வெளிறிய மஞ்சளும் சாம்பலும்தான். அவர் போட்டது கொச்சினீல் பூச்சியில் எடுத்த கார்மைன் மாதிரி ஒரு சிவப்பாக இருந்திருக்கலாம், அவை வெளிச்சத்தில் போய்விடும். 1888இலேயே ரஸ்ஸலும் ஆப்னியும் இங்கிலாந்தில் வாட்டர்கலர் நிறங்களை வெயிலில் வைத்துச் சோதித்து, எது நிற்கும் எது போகும் என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். ஐயா படத்தை மட்டும் வைத்திருந்து எழுதாமல் விட்டிருந்தால், மங்கலான ஒரு சாயங்காலம் என்றுதான் நாம் நினைத்திருப்போம். எழுத்தை மட்டும் வைத்திருந்தால் மேகம் எங்கே இருந்தது, கடலில் எவ்வளவு தூரம் வெளிச்சம் விழுந்தது என்று தெரியாது. இரண்டும் ஒரே தாளில் இருப்பதால்தான் அது பயணக் குறிப்பு. தேவகோட்டைத் தம்பி, உங்கள் மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் அழிக்கச் சொல்கிற பென்சில் கிறுக்கல்தான் படத்தின் பாதி.

சும்மா_சிவகங்கை:
போட்டோ போதும் என்று சொன்ன நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆச்சி, அந்த நோட்டை லேமினேட் பண்ணி வைத்துவிடுங்கள், பூச்சி அரிக்காது.

கோட்டையூர்_காகிதம்:
ஐயோ, லேமினேட் வேண்டவே வேண்டாம்! சூட்டில் பிளாஸ்டிக் பசை தாளோடு உருகி ஒட்டிவிடும், அப்புறம் பிரிக்க வழியே கிடையாது. பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியும் வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று பழுப்புப் புள்ளி விழும். ஆசிட் இல்லாத தாளில் பக்கத்துக்குப் பக்கம் இடைத்தாள் வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, இரண்டாங்கட்டில் வேண்டாம், காற்றோட்டமும் நிழலும் உள்ள அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பு வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான், துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வையுங்கள், தாளைத் தொடக் கூடாது. முதல் வேலையாக நல்ல ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பென்சில் எழுத்து தெரியும்படி.

ஆத்தங்குடி_டிராயிங்_டீச்சர்:
நான் ஒன்று கேட்கிறேன், இதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தம்பி அடுத்த கான்ட்ராக்டிலும் இதே ஒரு நீலத்தைத்தான் போடப் போகிறாரா? பயணக் குறிப்பு என்று சொல்லிவிட்டால் கைவேலையில் அக்கறை வேண்டாம் என்றாகிவிடாது. கடல் நிறத்தை அளக்கவே ஃபோரல், உலே என்று இரண்டு பேர் 21 நிறக் குழாய்கள் கொண்ட ஒரு அளவுகோல் செய்து வைத்திருக்கிறார்கள், கருநீலத்தில் ஆரம்பித்துப் பச்சை வழியாகப் பழுப்பில் முடியும். மலாக்கா நீரிணையும் நடு இந்தியப் பெருங்கடலும் இங்கிலீஷ் கால்வாயும் அதில் ஒரே எண்ணில் வராது. உங்கள் நோட்டில் ஒரே எண்ணில் இருக்கிறது. அந்த அளவுக்கு உங்கள் குறிப்பு தப்புக் குறிப்புதான், அடிவானக் கோணலை மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது.

செருலியன் நீலமும் விரிடியன் பச்சையும் வாங்கிக்கொள்ளுங்கள், கப்பல் ஏறிய முதல் நாள் நீலங்களை மட்டும் கலந்து ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு எண் கொடுங்கள், தினமும் கடலைப் பார்த்து எந்தக் கட்டம் என்று எழுதுங்கள். படம் போட நேரம் இல்லாத நாளிலும் எண் இருக்கும். வெயிலில் மினுங்கும் தண்ணீருக்குத் தூரிகையைப் பிழிந்து, சொரசொரப்பான 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளில் படுக்கவைத்து இழுங்கள், தாளின் வெள்ளையே மினுக்கமாக நின்றுவிடும். வெள்ளைப் பெயிண்ட் வைக்காதீர்கள்.

தேவகோட்டை_ஈடிஓ:
டீச்சர், கட்டம் போடும் யோசனைக்கு நன்றி, கண்டிப்பாகச் செய்கிறேன். போன நோட்டில் நீலத்தில் கைவைக்கப் போவதில்லை.

மாமாவிடம் நேற்றுப் போய்ப் பேசினேன். சகாராப் புழுதிப் பக்கத்தைக் காட்டி விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன், கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு "இது ஆப்பிரிக்கா மண்ணா?" என்று கேட்டார், அதற்குமேல் நான் வாதாடவே வேண்டியிருக்கவில்லை. நோட்டை வீட்டில் வைத்துக்கொள்கிறோம், பக்கங்களைப் பென்சில் எழுத்தும் கறையும் உட்பட ஸ்கேன் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, போன வழி வரிசையிலேயே, சிங்கப்பூரில் ஆரம்பித்து ராட்டர்டாம்வரை வளவைச் சுற்றி மாட்டுகிறோம். அகுல்லாஸ் கோணல் படம் கோணலாகவே இருக்கும். பிரிண்ட் தானே, முற்றத்து வெயிலில் வெளுத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். மாமா கேட்ட பெரிய படம் ஒன்றே ஒன்று என் குறிப்பிலிருந்து வரைந்து தருகிறேன், வரைந்தது எங்கே, எப்போது என்று அதிலும் எழுதுவேன். "தேவகோட்டையில், வீட்டு மேஜையில்" என்று.

பேத்தி ஆச்சிக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஐயாவின் மலைப் படத்து ஸ்கேனையும் அந்த வரிசையில் வைக்கலாமா என்று மாமா கேட்கச் சொன்னார். நாங்களும் நிக்கோபாருக்குத் தெற்கே அதே வழியாகத்தான் வந்தோம், எதிர்த் திசையில்.

பள்ளத்தூர்_பேத்தி:
அப்பச்சியிடம் (அப்பாவிடம்) கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அவருக்கு ஐயா படம் போடுவார் என்பதே தெரியாதாம், நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஊறுகாய் ஜாடிக் கணக்கைத்தான் முதலில் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

முனீஸ்வரன்கோயில்_தெரு:
பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், ஒட்டினாற்போல் வைத்தால் மழைக்காலத்தில் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய தேக்குச் சட்டம் வேண்டும் என்றால் என் கடையில் இருக்கிறது, இந்த இழைக்காரர்களுக்குக் குறைத்துத் தருகிறேன்.